பின்னறைக் குளிர்

கறுப்பாக வந்தது, முதலில் ஒரு சீறல், பிறகு இரண்டு துளி, பிறகு நிற்காமல் அந்தக் கறுப்பு, கழிவு எண்ணெய் மாதிரிக் கனத்து, மரக்கறி கழுவுகிற பழைய பேசினுக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது, தர்மினி பின்னறையின் கம்பளத்தில் முழங்காலில் நின்றபடி அறையைச் சூடாக்கும் ரேடியேற்றரின் மேல்மூலையில் இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் பிடித்துக்கொண்டிருக்கிறாள், விரலிடுக்கால் ஒழுகி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது, இரும்பும் கூழ்முட்டையும் கலந்த நாற்றம், மூக்கைத் திருப்பினாலும் நாக்கில் வந்து உட்காருகிறது, கட்டிலில் இரண்டு போர்வைக்குள் தொப்பியோடு சாய்ந்திருக்கும் அப்பா எட்டிப் பார்த்து, என்ன பிள்ளை உது, உந்தத் தண்ணியே வீடு முழுக்க ஓடுது, என்கிறார், ஓம் அப்பா, வருசக்கணக்காய் உதுதான் ஓடுது, உள்ளுக்குள்ள துருப்பிடிச்சுச் சேறாகி, என்று சொல்லிக்கொண்டே அவள் திருகை மூடுகிறாள், உள்ளங்கையை ரேடியேற்றரின் வெள்ளைத் தகட்டில் வைத்துப் பார்க்கிறாள், குளிர், பிணத்தில் கை வைத்தது போலக் குளிர், பக்கத்து அறையில், கூடத்தில், மாடிப்படி அடியில், வீட்டின் மற்ற ஏழு ரேடியேற்றர்களும் கொதித்துக்கொண்டிருக்க இது ஒன்று மட்டும், வாசலில் அவளுடைய கணவன் கேதீஸ்வரன் தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்கிறான், பாவம் மாமா, என்கிறான், பழைய வீடு மாமா, என்ன செய்யிறது.

லண்டனில், ஹரோவில் வாங்கிய வீடு, தொண்ணூறு வருடத்துக்கு முந்திய சுவர்கள், குசினி அலுமாரிக்குள் எல்லா ரேடியேற்றருக்கும் தண்ணீர் சூடாக்கும் பொய்லர், பிள்ளைகள் இல்லாததால் இரண்டு அறை எப்போதும் வெறுமையாகவே கிடந்தன, அம்மாவின் ஆண்டுத்திவசம் முடிந்த கையோடு அப்பாவை ஆறு மாத விசாவில் கூப்பிட்டாள், பருத்தித்துறையில் தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற அருளம்பலம், எழுபத்தாறு வயது, நவம்பர் தொடக்கத்தில் ஒரு கைப்பையோடு வந்து இறங்கினார், கேதீஸ்வரன்தான் விமான நிலையத்துக்குப் போனான், தடித்த ஜக்கெற் ஒன்றை அவனே கையோடு கொண்டு போய் அவருக்குப் போட்டு, தெறி பூட்டி, மாமா இது உங்கட வீடு, எத்தினை நாளெண்டாலும் இருங்கோ, என்றான், அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியதாக அப்பா அன்று இரவே அவளிடம் சொன்னார், நல்ல மனுசன் பிள்ளை, என்றார், அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ரேடியேற்றர் தொடக்கத்தில் அவ்வளவு மோசம் இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான், ஊரில் நான்கு வருடம் பௌதிகம் படிப்பித்தவள், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், அவளுக்கு அது சின்னக் கணக்கு, பொய்லரிலிருந்து கிளம்புகிற சுடுதண்ணீர் கிட்ட இருக்கிறவற்றுக்குள் முதலில் பாய்ந்துவிடும், கடைசியில் இருக்கிற பின்னறைக்கு மிச்சம் மீதிதான், ஆகவே கிட்ட இருப்பவற்றைச் சற்று இறுக்கி, தூர இருப்பதைத் திறந்துவிட வேண்டும், ஒரு சனிக்கிழமை காலை அதைச் செய்துகொண்டிருந்தபோது கேதீஸ்வரன் வந்து பக்கத்தில் குந்தினான், வீட்டு வேலை எதிலும் எட்டிப் பாராதவன், இது ஏன் ரெண்டு பக்கமும் திருகு இருக்கு, என்று கேட்டான், அவள் சந்தோஷப்பட்டாள், ஒரு மாணவனுக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னாள், இந்தப் பக்கம் இலக்கம் போட்டிருக்கிறது நாங்கள் கூட்டிக் குறைக்கிறது, அந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பி போட்டிருக்கிறதைக் கையால திருப்ப ஏலாது, தொப்பிதான் சுத்தும், தொப்பியைக் கழற்றினால் உள்ளுக்கை ஒரு பித்தளைத் தண்டு, அதைச் சாவிபோட்டுத் திருப்ப வேணும், முழுக்க இறுக்கினால் தண்ணி உள்ளுக்கை ஓடவே ஓடாது, வெளியிலை பார்த்தா ஒருத்தருக்கும் தெரியாது, கேதீஸ்வரன் தலையாட்டினான், கெட்டிக்காரி, என்று அவளுடைய கன்னத்தில் தட்டினான், அன்று மாலை பின்னறை அடுப்படி போலச் சூடாக இருந்தது, அப்பா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய சேட்டோடு இருந்து பேப்பர் படித்தார்.

பத்து நாள் அப்படியே போயிற்று, அதற்குள் ஒரு நாள், அப்பாவை இங்கேயே வைத்திருக்க விசாவுக்கு வழி இருக்கோ என்று விசாரிக்கத் தொடங்கியதாகக் கேதீஸ்வரனிடம் சொன்னாள், பதினோராம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறாள், அப்பா சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு கட்டிலில் இருக்கிறார், ரேடியேற்றர் குளிர்ந்து கிடக்கிறது, அதற்குப் பிறகு டிசம்பர் முழுவதும் அவளுடைய சனியும் ஞாயிறும் அந்த அறையின் தரையில்தான், காற்று அடைத்திருக்குமென்று திறந்துவிட்டாள், காற்று இருக்கவில்லை, அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் வந்தது, தண்ணீர் குறைந்ததில் பொய்லரின் அமுக்கம் இறங்கியது, கீழே போய்க் குழாயைத் திறந்து அமுக்கம் காட்டும் முள்ளை மறுபடி ஒன்றேகாலுக்கு ஏற்றினாள், இலக்கம் போட்ட வால்வின் தலையைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஊசி இறுகிவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள், அது நன்றாகத்தான் துள்ளியது, பொய்லரை அணைத்து, போத்தல் போத்தலாகக் கறுப்பை வடித்து, சேற்றைக் கரைக்கும் மருந்துத் திரவம் வாங்கி ஊற்றினாள், இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை, கையெல்லாம் அந்த நாற்றம், சவர்க்காரம் போட்டாலும் போகாது, மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன பாண் துண்டைக் கடிக்கக் கை முகத்துக்குக் கிட்ட வரும், பாணை அப்படியே வைத்துவிடுவாள், வெள்ளைத் தொப்பி போட்ட வால்வை மட்டும் அவள் தொடவில்லை, அது அவளே திறந்து வைத்தது, தன் கையால் செய்ததை யார் சோதிப்பார்கள், ஒரு கருவி வேலை செய்யாவிட்டால் நீங்கள் சரி என்று நம்புவதையே முதலில் சோதியுங்கள் என்று பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்கிறவள் அவள்.

கேதீஸ்வரன் அந்த நாட்களில் எவ்வளவு அன்பாக இருந்தான், பெற்றோல் நிலையத்தில் அவனுக்குப் பெரும்பாலும் மாலை வேலை, பகலில் வீட்டில் மாமாவுக்குத் துணை, அவருக்குச் சூப் வைத்துக் கொடுப்பான், சுடுதண்ணீர்ப் பை நிரப்பிக் காலடியில் வைப்பான், அவள் ஒரு மின்சார ஹீற்றர் வாங்கி வந்தபோது மட்டும் முகம் மாறியது, பழைய வயர் தர்மி, பத்திச்சுதெண்டால் மனுசன் கட்டிலோடை எரிஞ்சு போகும், நீர் யோசிக்கிறேல்லையே, என்று அதைக் கொண்டுபோய்க் காரில் வைத்தான், ஒரு புதன்கிழமை அவள் வேலையால் வர, இண்டைக்குப் பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினனான், என்றான், நிலத்துக்குக் கீழை போற குழாய் முழுக்கச் சேறாம், எல்லாத்தையும் கழற்றிக் கழுவ வேணுமாம், குளிருக்கை செய்யேலாதாம், வெயில் காலம் வரட்டுமாம், சமருக்குச் செய்வமாம், அவள் நம்பினாள், ஏன் நம்பமாட்டாள், கலியாணமாகிப் பதினெட்டு வருடம், அப்பாவை முன்னறைக்கு மாற்றுவோம் என்றாள், அது ரோட்டுப் பக்கம், மாமாவுக்கு நித்திரை வராது, எங்கட அறையைக் குடுப்பம், நாங்கள் கூடத்துக்கை படுப்பம், என்று அவனே முந்திக்கொண்டு சொன்னான், அப்பா துடித்துப்போய்க் கையெடுத்தார், ஐயோ தம்பி, வேண்டாம், எனக்கு ஒரு குளிருமில்லை, உந்தக் கதையை விடுங்கோ.

தை பிறக்க இருமல் தொடங்கியது, முதலில் விடியலில், பிறகு பகலில், பிறகு எந்நேரமும், சளியை ஒரு ரிசுக் கடதாசியில் துப்பி மடித்து யாரும் பார்க்காமல் தலையணைக்குக் கீழே ஒளித்து வைப்பார், அவள் எடுத்துப் போடும்போது தவிட்டு நிறமாக இருக்கும், வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிமோனியா என்றார், வீட்டில் சூடு காணாதா என்று கேட்டார், தர்மினிக்கு முகம் எரிந்தது, மருந்து முடிந்து ஓரளவு தேறிய அன்று அப்பா சுவரைப் பார்த்தபடி, பிள்ளை, நான் போகப் போறன், எனக்கு இந்த ஊர்க் காலநிலை ஒத்துவராது, என்றார், நான் சமருக்குள்ளை எல்லாம் சரிப்படுத்திப் போடுவன் அப்பா, விசாவைப் பற்றியும் கேட்டு வைச்சிருக்கிறன், உங்களை இஞ்சையே வைச்சிருக்க வழி இருக்கோ எண்டு, என்று அவள் அழுதாள், அவர் திரும்பவில்லை, வந்து மூன்று மாதம் முடிவதற்குள் கேதீஸ்வரன் அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான், பாதுகாப்புச் சோதனை வாசலில் அவரைக் கட்டிப் பிடித்துக் கொண்டு, சமருக்கு வாங்கோ மாமா, என்று விம்மினான், சுற்றி நின்ற சனங்கள் பார்த்தார்கள், மருமகன் என்றால் இப்படியல்லோ இருக்க வேண்டும்.

பெப்ரவரி இரண்டாம் கிழமை, பள்ளிக்கூடம் பாதித் தவணை விடுமுறை விட்ட வெள்ளிக்கிழமை, அவள் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள், மேலே கிரிக்கெற் வர்ணனை கேட்டது, பின்னறையில் பெரிய தொலைக்காட்சி பூட்டியிருக்கிறது, அப்பாவின் கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது, சாய்வு நாற்காலியில் கேதீஸ்வரன், பனியனும் சாரமும், காலை நீட்டி ரேடியேற்றரின் மேல் போட்டிருந்தான், பெருவிரலை ஆட்டிக்கொண்டிருந்தான், அவள் போய்த் தகட்டில் கை வைத்தாள், சுட்டது, கையை உடனே இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுட்டது, பார்த்தீரே, தன்ரைபாட்டிலை சரி வந்திட்டுது, நீர் ஊத்தின மருந்து இப்பதான் வேலை செய்யுது போலை, என்றான் அவன், கண்ணைத் தொலைக்காட்சியிலிருந்து எடுக்காமல், அவள் கீழே வந்து சோறு வைத்தாள், அரிசி கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் தன்பாட்டில் சரிவருவதில்லை, இருபது வருடமாக அவள் அறிந்த ஒரே உண்மை அது, மாலையில் அவன் வேலைக்குப் போக, மேலே போய் அந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றினாள், சாதாரணமாக அது இறுக்கமாக வரும், இப்போது தொட்டவுடன் கழன்றது, பித்தளைத் தண்டில் பல் பல்லாகக் கீறல், புதுசு, மினுங்கிக்கொண்டிருந்தது, அவள் அதற்கென்றே உள்ள சாவியைத்தான் எப்போதும் பாவிப்பாள், இது குறட்டின் பல், கேதீஸ்வரனுடைய காரில் கிடக்கும் குறடு, அவள் இரண்டு சுற்றுத் திறந்து வைத்தது இப்போது முழுக்கத் திறந்திருந்தது, வீட்டில் இருந்தது மூன்று பேர், ஒருவர் குனிய முடியாமல் இருமிக்கொண்டிருந்தவர், மற்றவள் அவள்.

அப்படியே தரையில் இருந்தாள், கம்பளத்தில் முன்பு சிந்திய கறுப்புத் தண்ணீரின் கறை, அவளே தேய்த்துத் தேய்த்துப் போகாத கறை, கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, வந்தது அருவருப்பு, தலைமயிர் கிடக்கும் சோற்றை வாயில் வைத்துவிட்டது போல, விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல், அடுத்த நாள் கேதீஸ்வரன் கடைக்குப் போன நேரம் பருத்தித்துறைக்கு அழைத்தாள், அப்பா, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ, நான் வேலைக்குப் போன பிறகு அவர் உங்கட அறைக்கை வந்து அந்த ரேடியேற்றரிலை ஏதும் செய்தவரே, மறுபக்கம் ஒரு கோழி கொக்கரித்தது, பிறகு அப்பா சொன்னார், எனக்குத் தெரியும் பிள்ளை, நான் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு வந்தவர், செருப்பில்லாமல் காலிலை வெறும் மேசோடை, சத்தம் போடாமல், கோயிலிலை கும்பிடுற மாதிரி முழங்காலிலை இருந்து என்னவோ திருப்பினவர், பேந்து கையை வைச்சு வைச்சுப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஆறுதோ எண்டு, நான் கண்ணை மூடிப்போட்டன், போகேக்கை என்ரை போர்வையை இழுத்துக் கழுத்து மட்டும் போர்த்துவிட்டிட்டுப் போனவர், அவள் கேட்டாள், ஏன் எனக்குச் சொல்லேல்லை, நீ அவரோடையல்லே பிள்ளை வாழ வேணும், நான் இண்டைக்கோ நாளைக்கோ போற கட்டை, என்றார் அப்பா, அவள் தொலைபேசியைத் துண்டித்துவிட்டாள், சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவின் குரலைத் துண்டித்தது அதுவே முதல் தரம், அந்தப் போர்வை, போர்த்துவிட்ட அந்தக் கை, அந்தக் கை இரவில் தன்மேல் கிடந்ததை நினைத்தாள், குளியலறைக்கு ஓடினாள், வயிற்றில் இருந்ததெல்லாம் வந்தது.

அன்றிரவுச் சாப்பாட்டில் கேதீஸ்வரன் புட்டைக் குழைத்து மீன்குழம்பு ஊற்றி, விரலை வழித்துக்கொண்டிருந்தான், அவள் அந்த வெள்ளைத் தொப்பியைக் கொண்டுவந்து அவனுடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள், அவன் அதைப் பார்த்தான், மீன்முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தான், என்ன இது, என்றான், நான்தானே உங்களுக்குப் படிப்பிச்சுத் தந்தனான், என்றாள் அவள், அவன் முதலில் சிரித்தான், பிறகு மாமா என்ன சொன்னவர் என்றான், பிறகு வயசுபோன ஆக்களுக்குக் கனவும் நிசமும் தெரியாது என்றான், அவள் அசையாமல் நிற்க அவனுடைய குரல் மாறியது, சரி, நான் என்ன அடிச்சனானே, பட்டினி போட்டனானே, ஒரு சுடுசொல் சொன்னனானே, ஆறு மாசம் எண்டு வந்த மனுசன், நீர் இஞ்சையே வைச்சிருக்கக் கதைக்கத் தொடங்கிவிட்டீர், என்னோடை ஒரு வார்த்தை கேட்டனீரே, நேரை சொன்னால் நீர் அழுவீர், அவரும் மனம் நொந்து போவார், ஆருக்கும் நோகாமல் தன்ரை எண்ணத்திலையே போகட்டும் எண்டு, அவ்வளவுதான், நிமோனியா வருமெண்டு நான் கண்டனானே, சொல்லிக்கொண்டே அடுத்த உருண்டையைக் குழைத்தான், ஆருக்கும் நோகாமல் என்ற அந்தச் சொல், அவன் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது, அவன் தன்னை உண்மையிலேயே ஒரு இளகிய மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்தான், அவனுடைய மீசையில் ஒரு புட்டுத் துணிக்கை ஒட்டியிருந்தது, பதினெட்டு வருடம் அந்த மீசைக்கு முன்னால் இருந்து சாப்பிட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு கிழமை அவளுடைய வாழ்க்கையிலேயே கேவலமான கிழமை, அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, சூட்டைக் கூட்டினான், கூடத்துச் சுவரில் இருக்கும் பெட்டியை இருபத்தெட்டுக்கு ஏற்றிவிட்டான், எட்டு ரேடியேற்றரும் இரவு பகலாகக் கொதித்தன, பொய்லர் குசினியில் ஓயாமல் உறுமியது, சுவரில் பூச்சு வெடித்தது, வாழைப்பழம் ஒரே நாளில் கறுத்தது, கழுவிப்போட்ட உடுப்பும் குப்பைவாளியும் மீன்கழிவும் சேர்ந்து வீடு முழுக்க ஒரு வேர்வை நாற்றம், அவள் முன்னறையைப் பூட்டிக்கொண்டு யன்னலை முழுக்கத் திறந்து வைத்துப் படுத்தாள், பனிக்காற்று உள்ளே வந்தது, அது மட்டும்தான் சுத்தமாக இருந்தது, அவன் கதவுக்கு வெளியே வந்து நின்று, தர்மி, இப்ப சூடு காணுமே, இன்னும் கூட்டட்டே, என்று கேட்பான், அன்பாக, அதே குரலில், ஏழாம் நாள் காலை அவள் ஒரு சூட்கேசோடு படியிறங்கினாள், அவன் பனியனோடு வியர்த்து வழிந்தபடி வழியில் நின்றான், எங்கை போறீர், ஆக்கள் கேட்டால் நான் என்ன சொல்லுறது, என்றான், மாமாவைக் குளிருக்கை போட்டு அனுப்பினனான் எண்டு சொல்லுங்கோ, என்றாள், கையை எட்டி அவளுடைய தோளைப் பிடிக்க வந்தான், தொடாதேங்கோ, அவள் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள், எனக்கு உங்களைப் பார்க்க அருவருத்துச் சத்தி வருது, அவன் கையைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னுக்கு வைத்துக்கொண்டான், அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள், பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிற ஒருத்தியின் வீட்டில் மேலறை ஒன்று வாடகைக்குக் கிடந்தது, அங்கே போனாள்.

சித்திரை விடுமுறைக்குப் பருத்தித்துறைக்குப் போனாள், வெயில் முற்றத்து மணலில் கண் கூசியது, அப்பா மெலிந்திருந்தார், மூச்சு இன்னும் இழுத்தது, வேலிக்கு அங்கால் இருக்கும் தன் தங்கச்சி பராசக்தி மூன்று நேரமும் சாப்பாடு கொண்டுவந்து தருகிறாள் என்றார், இரண்டு நாள் இருவரும் ஊர்க்கதை கதைத்தார்கள், மூன்றாம் நாள் காலை வாசல் வேம்பின் கீழ்க் கதிரை போட்டு இருக்கும்போது அவள் சொன்னாள், நான் அவரை விட்டிட்டு வந்திட்டன் அப்பா, அவர் தலையைக் குனிந்துகொண்டார், என்னாலைதானே, என்றார், உங்களாலை இல்லை, ஆனால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தியள், நான் அந்தத் தரையிலை விழுந்து கிடந்து கறுப்புத் தண்ணி வடிச்ச ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, எனக்கு உங்களிலையும் அருவருப்பாய்க் கிடக்கப்பா, அதையும் சொல்லத்தான் வந்தனான், என்றாள், அப்பாவின் தேநீரில் ஒரு எறும்பு விழுந்திருந்தது, அதை அவர் விரலால் எடுத்து விட்டார், அவரை ஊரில் எல்லோரும் அறிவார்கள், தபால் கந்தோரில் வெறியில் வந்து மேசையைத் தட்டுகிறவனைக்கூட ஐயா என்றுதான் சொல்வார், வீட்டில் நாயை விரட்டுவதென்றாலும் போங்கோ என்பார், அந்த மனிதர் இப்போது நிமிர்ந்தார், உதடு கோணியது, எளிய நாய், என்று ஏசினார், அவள் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தாள், எளிய நாய், போர்வை எல்லே போர்த்துவிட்டவன், நாய், என்று அவர் கதிரைக் கையில் அடித்தார், அவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல், கண்ணீர் வர வர, அவருக்கும் வந்தது, அவருடைய சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, அதற்குள்ளும் விடாமல் உரத்து இன்னொரு தரம் சொன்னார், வேலிக்கு மேலால் பராசக்தி மாமியின் தலை எட்டிப் பார்த்தது, ஆரை அண்ணை உப்பிடி ஏசிறியள், என்று கேட்டாள், என்ரை மருமோனை, என்றார் அப்பா, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி.